அம்மாவுக்கு ஒரு சமையலறை மேசை

பழைய பாணி மரமேசை வாங்கவோ செய்விக்கவோ எண்ணுவோருக்கு

மும்பை மாடுங்காவில் நாங்கள் பல ஆண்டுகள் குடியிருந்த கட்டடம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. புதிய வீட்டில் மின்தூக்கி உண்டு, தண்ணீருக்குக் குறைவில்லை, மழைக்காலத்தில் சுவர் ஒழுகுவதில்லை. ஆனால் என் தாயாருக்கு அந்த வீட்டில் இடம் குறைந்துவிட்டது. பழைய சமையலறையின் அகலமான தரையில் மணைப் பலகை போட்டு அமர்ந்து, அரிவாள்மணையில் காய் நறுக்கி, தேங்காய் துருவி, கீரை ஆய்ந்து பழகியவர் அவர். புதிய சமையலறையோ நின்றுகொண்டு வேலை செய்வதற்கென்று அமைக்கப்பட்டது. எழுபத்தெட்டு வயதில் அவரால் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. மேடையருகே அரை மணி நேரம் நிற்கவும் முடியவில்லை.

"ஒரு கத்தரிக்காய் நறுக்கிக் கொடுப்பதற்குக்கூட இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லையே" என்று ஒரு நாள் அவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அன்றுதான் சமையலறைக்கு ஒரு மரமேசை வேண்டும் என்று முடிவு செய்தேன். அது அம்மா பழகிய பொருள்களோடு ஒத்துப்போகும் பழைய பாணி மேசையாக இருக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். அந்த விருப்பம் எனக்கு ஒரு நட்டத்தையும் ஒரு நல்ல மேசையையும் தந்தது. இரண்டிலும் கற்றவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் மேசையின் கதை

முதலில் ஒரு பழைய மரச்சாமான் கடையில், "நூறு வருடத்துப் பர்மாத் தேக்கு" என்று சொல்லப்பட்ட மேசையை வாங்கினேன். கருமையும் சிவப்பும் கலந்த மெருகு, ஓரங்களில் தேய்மானம், ஆங்காங்கே கீறல்கள் என எல்லாமே பழமையைச் சொல்லின. விலை என் ஒரு மாத ஓய்வூதியத்தை விடச் சற்று அதிகம். ரொக்கமாகக் கொடுத்தேன், பட்டியல் கேட்கவில்லை.

முதல் மழைக்காலம் முடிந்து காற்று உலர்ந்தபோது மேற்பலகை நடுவில் பிளந்தது. கால்களின் அடியில் நாள்தோறும் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்த தச்சர் மேசையைக் கவிழ்த்து, அடிப்புறத்தை உளியால் இலேசாகச் சுரண்டினார். மெருகுக்கு அடியில் இருந்தது சாயமேற்றிய வெளிறிய மலிவு மரம். மேற்பலகை சட்டத்தோடு பசையாலும் ஆணியாலும் இறுக்கப்பட்டிருந்தது. தேய்மானமும் கீறல்களும் சங்கிலியாலும் அரத்தாலும் உண்டாக்கப்பட்டவை. கடைக்காரரிடம் சென்றால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அந்தத் தச்சர் சொன்ன ஒரு சொல்தான் இக்கட்டுரையின் சாரம்: "நீங்கள் வயதை வாங்கப் போனீர்கள். வாங்க வேண்டியது மரத்தையும் பொருத்தையும்."

மேசை நம் வீட்டுக்கு வந்த வழி

மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவையும் அவ்வாறே வந்தவை. தரையில் அமர்ந்து சமைத்து, தரையில் அமர்ந்து உண்ட நாட்டில் மேசை கடல்வழி வந்த விருந்தாளி. ஆகவே, பழைய இந்தியச் சமையலறை மேசைக்கு இதுதான் வடிவம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கொச்சியிலும் கோவாவிலும், கொல்கத்தாவின் பெரிய வீடுகளிலும், மும்பையின் இரானி உணவகங்களிலும், தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களிலும் உள்ளூர்த் தச்சர்கள் தம் மரத்துக்கும் தம் வாடிக்கையாளருக்கும் ஏற்பச் செய்தவைதாம் நம் பழைய மேசைகள். அவற்றுக்குப் பொதுவானவை சில உண்டு: கனத்த மேற்பலகை, நான்கு நேரான அல்லது கடைசல் கால்கள், அவற்றை இணைக்கும் சட்டம், ஓர் இழுப்பறை. பகட்டில்லாத இந்த எளிமையே இன்றைக்கும் அவற்றை விரும்பச் செய்கிறது.

நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் பழைய மரச்சாமான்களுக்கென்று கடைத்தெருக்கள் இருக்கின்றன. மும்பையில் சோர் பஜாரின் மட்டன் தெருவும் ஜோகேஸ்வரிப் பகுதியும், தில்லியில் அமர் காலனியும், கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தெருவும், தமிழ்நாட்டில் காரைக்குடியும் பெயர் பெற்றவை. கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெரு பழம்பொருள் ஏலத்துக்குப் புகழ் பெற்றது. ஜோத்பூரில் மா மரத்திலும் ஷீஷத்திலும் பழைய தோற்றத்தில் புதிய சாமான்கள் செய்து உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். புதியது என்று சொல்லி விற்கும்வரை அதில் குறை ஏதும் இல்லை. புதியதைப் பழையது என்று விற்கும்போதுதான் நம் பணம் வீணாகிறது.

பழைய மேசையைப் பார்க்கும் முறை

மேசையின் மேற்புறம் விற்பவர் காட்ட விரும்புவதைக் காட்டும். அடிப்புறம் உள்ளதைக் காட்டும். எனவே குனிந்து பாருங்கள். முடிந்தால் கவிழ்த்துப் பாருங்கள். கைவிளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

கையால் இழைத்த பழைய பலகையின் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால், இழைப்புளி சென்ற தடம் மெல்லிய மேடு பள்ளமாகத் தட்டுப்படும். இயந்திரத்தில் இழைத்த பலகை ஒரே சமமாக இருக்கும். பழைய சாமான்களில் அடிப்புறத்துக்குப் பெரும்பாலும் மெருகு பூசியிருக்க மாட்டார்கள். அடிப்புறமும் மேற்புறமும் ஒரே நிறத்தில் மின்னினால் காரணம் கேளுங்கள்.

தேய்மானம் கை, கால் படும் இடங்களில்தான் இருக்க வேண்டும். இழுப்பறையின் விளிம்பு, கால்வைக்கும் குறுக்குச் சட்டம், உட்காருபவரின் முழங்கை படும் ஓரம் ஆகியவை தேய்வது இயல்பு. யாருடைய கையும் எட்டாத மூலையும் அதே அளவு தேய்ந்திருந்தால், அது ஆண்டுகள் தேய்த்ததன்று.

வட்டமேசையாக இருந்தால் ஓர் அளவுநாடா போதும். மரம் உலரும்போது ரேகை ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். அதனால் உண்மையில் பழமையான வட்டப் பலகை, குறுக்களவில் சற்றே குறைந்து காணப்படும். திருகாணிகளையும் கவனியுங்கள். கூட்டல் குறி போன்ற வெட்டுடைய திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் மேசை பிற்காலத்தது. அல்லது பின்னர் பழுது பார்க்கப்பட்டது.

மேற்பலகையில் தெரியும் ரேகை, விளிம்பில் திரும்பி முனை வெட்டிலும் தொடர வேண்டும். தொடராமல் விளிம்பில் ஒரு கோடு தெரிந்தால், அது மலிவுப் பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய வெனீராக இருக்கலாம். எடையை மட்டும் நம்ப வேண்டாம். எம்டிஎஃப் பலகை தேக்கை விடக் கனமாகவே இருக்கக்கூடும்.

இறுதியாக, துளைகள். பழைய மரத்தில் பூச்சித் துளை இருப்பதே குற்றமாகாது. துளையின் ஓரம் கூர்மையாகவும் அருகில் வெளிர்நிறத் தூளும் இருந்தால், வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். தேக்கில் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பூச்சி எளிதில் அண்டாது. அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிதான் உளுத்துப்போகும்.

பழைய மரத்தில் புதிய மேசை

இரண்டாம் முறை நான் மேசையைத் தேடவில்லை, மரத்தைத் தேடினேன். என்னுடன் அதே தச்சரும் வந்தார். மும்பையில் பழைய கட்டடங்கள் இடிபடும்போது கதவு, நிலை, உத்தரம் எல்லாம் ரே ரோடு போன்ற பகுதிகளின் மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன. இந்த மரங்களில் பல பர்மாவில் வளர்ந்தவை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அந்நாட்களில் பம்பாயிலும் செட்டிநாட்டிலும் எழுந்த வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கு கப்பலில் வந்தது. இன்று நிலைமை வேறு. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் முழு மரத்தடிகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. காட்டில் மெதுவாக வளர்ந்து முதிர்ந்த மரம், நம் ஊரில் பழைய கதவுகளிலும் உத்தரங்களிலும்தான் இன்று எளிதாகக் கிடைக்கிறது.

கடையில் அடுக்கி வைத்திருந்த கதவுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பழைய கட்டடத்தை விட்டு வெளியேறியபோது இப்படிப்பட்ட கதவுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இடிக்கும் ஒப்பந்தக்காரர் அவற்றை எடுத்துச் சென்றார். கட்டடத்தில் இருந்த யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மரத்தைக் கேட்பாரின்றி விட்டுவிட்டு, சாயம் பூசிய மரத்துக்கு ஓய்வூதியத்தைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கட்டடம் மறுசீரமைப்புக்குப் போகிறது என்றால், பழைய கதவும் நிலையும் யாருக்குச் சேரும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு நிலைச்சட்டமும் இரண்டு கதவுப் பலகைகளும். வண்ணம் பூசிய கதவுகளைத் தச்சர் ஒதுக்கிவிட்டார். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் மூச்சில் கலக்கும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளும் உணவும் புழங்கும் சமையலறைக்கு அந்த மரம் வேண்டாம் என்பது அவர் முடிவு. பிறகு ஒரு காந்தத்தைப் பலகையின் மீது நகர்த்தி, உள்ளே ஒடிந்து கிடந்த ஆணிகளைக் கண்டுபிடித்தார். ஓர் ஆணி தவறினாலும் இழைப்புளியின் அலகு போய்விடும்.

பழைய மரம் கிடைக்காத ஊரில் புதிய தேக்கிலும் செய்விக்கலாம். கேரளத்து நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போடப்பட்டது. இன்று கடைகளில் விற்கும் இந்தியத் தேக்கில் தோட்டங்களில் வளர்ந்ததும் உண்டு. இளமரத்தில் வைரம் குறைவு, வெளிறிய பகுதி அதிகம் என்பதால் அதைக் கழித்து வாங்க வேண்டும். ஈரம் வற்றாத மரத்தில் செய்த மேசை பிறகு வளையும். ஈரப்பதம் 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு உடலிலிருந்து தொடங்கட்டும்

கடைகளில் கிடைக்கும் மேசையின் உயரம் பெரும்பாலும் 30 அங்குலம். நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். தச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கால்கள் தரையைத் தொடவில்லை. இருக்கைக்குக் கீழே செங்கல்லும் பலகையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இருக்கை 16 அங்குலம் என்றும், முழங்கை உயரத்தைக் கணக்கிட்டு மேசை 27½ அங்குலம் என்றும் குறித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ஓர் இழுப்பறை வேண்டும். கத்தி, துருவி, தோல் சீவி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார். "உங்கள் மடிக்கு மேலே இழுப்பறை வைத்தால் முழங்கால் இடிக்கும் அம்மா" என்று சொல்லித் தச்சர் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். 1 அங்குலப் பலகை, 3 அங்குலச் சட்டம் போக, இருக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 7½ அங்குலம் மிஞ்சியது. கால் நுழைய அது போதும்.

நீளம் 4 அடி, அகலம் 27 அங்குலம். ஒருவர் வசதியாக அமர மேசையோரத்தில் 24 அங்குலம் தேவை. ஆகவே நீளவாக்கில் இருவர் அமரலாம். நாற்காலிக்குப் பின்னே ஆள் நடக்க 3 அடி விட வேண்டும். வாங்கும் முன் சமையலறைத் தரையில் செய்தித்தாளை மேசையின் அளவுக்கு வெட்டி விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பொருத்துகளைப் பற்றி ஒரே ஒரு சொல். காலில் சதுரத் துளை செதுக்கி, சட்டத்தின் முனையை நாக்குப் போல இழைத்து அதனுள் இறக்கி, குறுக்கே மரஆணி அடிப்பது பழைய முறை. ஆணியும் பசையும் மட்டும் கொண்ட பொருத்து ஆட்டம் காணும். இது ஆட்டம் கண்டாலும் மறுபடி இறுக்க முடியும். மேற்பலகையோ காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலத்தில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதற்கு இடம் தரும்படி, சட்டத்தில் பள்ளம் எடுத்து மரக்கொக்கிகளால் பலகையைப் பிடிக்க வேண்டும். என் முதல் மேசை பிளந்ததற்குக் காரணம் அந்த இடம் இல்லாமைதான்.

பணக்கணக்கு

மரம் கன அடியில் விற்கப்படுகிறது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். எங்கள் மேற்பலகை 4 × 27 × 1 ÷ 144, அதாவது முக்கால் கன அடி. கால்கள், சட்டம், இழுப்பறை எல்லாம் சேர்ந்து மற்றொரு முக்கால். மொத்தம் ஒன்றரை கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் போகும் கழிவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 2 கன அடி. பழைய மரத்தில் ஆணித்துளைகளால் கழிவு இன்னும் சற்று மிகலாம். கணக்குக்காகக் கன அடி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மரத்துக்கு 8,000 ரூபாய். கூலியும் மெருகும் இதற்கு மேல். உங்கள் ஊர் விலையை இந்தக் கணக்கில் இட்டுப் பார்த்தால், யாராவது மரத்தின் விலையை விடக் குறைவாக "முழுத் தேக்கு மேசை" தர முன்வரும்போது எச்சரிக்கை தானாக வரும்.

தச்சரிடம் ஒரே தாளில் எழுதிக்கொண்டோம்: இழைத்து முடித்த பின் பலகையின் கனம், மரத்தின் வகை, பொருத்து முறை, மெருகின் வகை, முடிக்கும் நாள், கூலி. பணத்தை மூன்று தவணையாகப் பிரித்தோம். மரம் வாங்கும்போது ஒரு பங்கு. மேசை உருவாகி, மெருகு ஏற்றுவதற்கு முன் ஒரு பங்கு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து மிச்சம். இரண்டாம் தவணை முக்கியமானது. மெருகு ஏறிவிட்டால் மரத்தின் குறையும் பொருத்தின் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மெருகுக்கு முன் ஒருமுறை பட்டறைக்குச் சென்று பார்த்துவிடுங்கள்.

பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ மூலமாகவோ செலுத்தினால் தேதியும் தொகையும் பதிவாகும். கடையில் வாங்கினால் மரத்தின் பெயர் குறிப்பிட்ட பட்டியல் கேட்டு வாங்குங்கள். "பழங்கால மேசை" என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது. "தேக்கு" என்று எழுதியிருந்தால் முறையிட இடம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவசரமில்லாத இத்தகைய செலவுக்குக் கடன் அட்டையில் தவணை கட்டுவதை விட, ஓராண்டுத் தொடர் வைப்பில் மாதம் ஒரு சிறு தொகையாகச் சேர்ப்பது நல்லது. சேரும் காலத்தில் நல்ல மரத்தையும் நல்ல தச்சரையும் தேடலாம்.

மெருகும் பராமரிப்பும்

பழைய மேசைகளின் அழகு பெரும்பாலும் அரக்கு மெருகால் வந்தது. சமையலறைக்கு அது ஏற்றதன்று. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். நாங்கள் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை தேய்த்து, மேலே தேன்மெழுகு இட்டோம். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் இட்டுவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடாகித் தீப்பற்றக்கூடும். அதை விரித்துத் திறந்தவெளியில் உலர்த்தியோ, நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

மேசை வந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பலகை பிளக்கவில்லை, இழுப்பறை மழைநாட்களில் சற்று இறுகி, மார்கழியில் தளர்கிறது. மேற்பலகையின் ஓர் ஓரத்தில், யார் வீட்டுக் கதவிலோ தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதை அடைத்துவிடவா என்று தச்சர் கேட்டபோது அம்மா வேண்டாம் என்றார். இப்போது காலை ஏழு மணிக்கு அவர் அந்த மேசையருகே அமர்ந்து காய் நறுக்குகிறார். நறுக்கிய துண்டுகளில் ஒன்று அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தால், அதை விரலால் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, அடுத்த காயை எடுக்கிறார்.